கனடாவிலிருந்து போலந்துக்கு: ஒரு நவம்பர் நாட்குறிப்பு

அக்டோபர் 30, வியாழன் – வார்சா

இரண்டு நாட்டுக் கொடிகளும் சிவப்பு வெள்ளை. ஒற்றுமை அத்தோடு சரி என்று சொல்லித்தான் பக்கத்து வீட்டுப் போலந்துப் பாட்டி எங்களை வழியனுப்பினார். எண்பதுகளில் வார்சாவிலிருந்து கனடா வந்தவர் அவர். எங்கள் மிசிசாகாவில் போலந்துக்காரர்கள் ஏராளம். டொராண்டோவின் ரான்செஸ்வால்ஸ் தெருவில் முதலில் குடியேறிய பல குடும்பங்கள், வசதி வந்ததும் மேற்கே நகர்ந்து இங்கே வீடு வாங்கின. பாட்டிக்கு முழங்கால் இரண்டும் கைவிட்டுவிட்டன. இனி கடல் தாண்டி விமானத்தில் உட்கார முடியாது. அதனால் எங்களிடம் இரண்டு வேலைகளை ஒப்படைத்திருக்கிறார். வார்சாவில் அவருடைய பெற்றோர் கல்லறையில் விளக்கேற்ற வேண்டும். போஸ்னானில் பிறை வடிவ ரொட்டி வாங்கி வர வேண்டும். மற்ற நேரத்தில் ஊர் சுற்றிக்கொள்ளலாம் என்று பெருந்தன்மையோடு அனுமதியும் கொடுத்தார்.

பாட்டியின் தங்கை மகள் வீட்டில் தங்கியிருக்கிறோம். எழுபதுகளில் கான்கிரீட் பலகைகளைத் தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவந்து அடுக்கிய பத்து மாடிக் கட்டடம். டொராண்டோவின் புறநகரிலும் அதே காலத்தில் எழுந்த இதே போன்ற கோபுரங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. படம் எடுத்துக் காட்டினால் எது எந்த ஊர் என்று சொல்வது கடினம். கீழே இறங்கினால்தான் வித்தியாசம் தெரிகிறது. இங்கே கட்டடத்தின் காலடியிலேயே பச்சைப் பலகை போட்ட ஜாப்கா மளிகைக் கடை, சற்றுத் தள்ளி மருந்துக் கடை, மழலையர் பள்ளி, மருத்துவமனை, டிராம் நிறுத்தம். டொராண்டோக் கோபுரங்களைச் சுற்றிப் புல்வெளியும் கார் நிறுத்தமும்தான் உண்டு. குடியிருப்பு நிலத்தில் கடை வைக்கக் கூடாது என்ற மண்டல விதி, பால் பாக்கெட்டுக்கும் பஸ் ஏறிப் போகும்படி பல தலைமுறைகளை வைத்திருந்தது. அண்மையில்தான் அதைத் தளர்த்தினார்கள்.

லிஃப்டில் ஒரு முதியவர் ஏறினார். முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை. ஆனால் ஏறும்போது 'ஜென் தோப்ரே' என்று வணக்கம் சொன்னார். இறங்கும்போது விடையும் பெற்றுக்கொண்டார். தெருவில் எதிரே வருபவர்களைப் பார்த்து இவர்கள் சிரிப்பதில்லை என்று முன்பே கேள்விப்பட்டிருக்கிறோம். அது உண்மைதான். ஆனால் லிஃப்ட், மருத்துவரின் காத்திருப்பு அறை, ரயில் பெட்டி என்று நாலு சுவருக்குள் மாட்டிக்கொண்டால் வணக்கம் சொல்லாமல் இருப்பது அநாகரிகம். கனடாவில் நேர்மாறு: தெருவில் யாரைப் பார்த்தாலும் நலம் விசாரிப்போம், லிஃப்டுக்குள் நுழைந்ததும் தொலைபேசியை எடுத்துக்கொள்வோம்.

அக்டோபர் 31, வெள்ளி – வார்சா

இன்று மாலை மிசிசாகாவில் எங்கள் தெரு முழுக்கப் பிளாஸ்டிக் எலும்புக்கூடுகள் நிற்கும். புல்வெளியில் தெர்மோகோல் கல்லறைகள் முளைத்திருக்கும். ஹாலோவீன். பிள்ளைகள் சாக்லேட்டுக்கு வரிசை கட்டுவார்கள். நாங்களோ காலையிலேயே வாளியும் பிரஷும் எடுத்துக்கொண்டு, உண்மையான கல்லறையைக் கழுவப் புறப்பட்டோம்.

ப்ரூத்னோ கல்லறைத் தோட்டம், விஸ்துலா ஆற்றின் வலது கரையில் இருக்கிறது. 1884இல் தொடங்கியது, பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அடக்கமாகியிருக்கிறார்கள். ஐரோப்பாவின் மிகப் பெரிய கல்லறைத் தோட்டங்களில் ஒன்று. நாளை திருநாள் என்பதால் இன்று சுத்தம் செய்யும் நாள். குடும்பம் குடும்பமாகத் துடைப்பம், குப்பைப் பை, பழைய பாட்டில்களில் தண்ணீர். என் மனைவியும் பாட்டியின் தங்கை மகளும் கிரானைட் பலகையில் படிந்த பாசியைச் சுரண்டினார்கள். எனக்குக் காய்ந்த இலைகளை அள்ளும் வேலை. எழுத்துகளின் பள்ளத்தில் ஒட்டிய அழுக்கை எடுக்கப் பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றையும் தங்கை மகள் கொண்டுவந்திருந்தார்.

நாலு கல்லறை தள்ளி, ஒரு சிலுவையில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கல்லறை நிர்வாகத்தைத் தொடர்புகொள்ளவும் என்று எழுதியிருப்பதாகச் சொன்னார். காரணம் கேட்டேன். போலந்தில் 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி மண் கல்லறைக்கு இருபது ஆண்டுகள்தான் பாதுகாப்பு. அதற்குப் பிறகும் அந்த இடம் வேண்டுமென்றால் குடும்பத்தில் யாராவது வந்து மறுபடி பணம் கட்ட வேண்டும். கட்டினால் இன்னும் இருபது ஆண்டுகள். யாரும் வரவில்லை என்றால் அந்த இடத்தில் வேறொருவரை அடக்கம் செய்யலாம். பாட்டியின் பெற்றோருக்கு இதுவரை பணம் கட்டியவர் இவர்தான். பாட்டி டாலரில் பங்கு அனுப்புவாராம்.

எங்கள் மாகாணமான ஒன்டாரியோவில் ஏற்பாடே வேறு. கல்லறை இடம் வாங்கும்போதே விலையில் குறைந்தது 40 சதவீதம் பராமரிப்பு நிதிக்குப் போகிறது. அந்த நிதியின் வட்டியில் புல் வெட்டுவார்கள், சாய்ந்த கல்லை நிமிர்த்துவார்கள், என்றென்றைக்கும். பாட்டியின் கணவர் மிசிசாகாவுக்குப் பக்கத்தில் அப்படித்தான் உறங்குகிறார். யாரும் போகாவிட்டாலும் அவருக்குக் குறை வராது.

இலையை அள்ளிக்கொண்டே இதை யோசித்தேன். யாரும் வர வேண்டிய அவசியம் இல்லாதபடி எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துவிடும் நாடு ஒன்று. யாராவது வந்தே ஆக வேண்டும் என்று வைத்திருக்கும் நாடு இன்னொன்று. முதலாவது நாகரிகம் என்றுதான் இத்தனை ஆண்டுகளாக நினைத்திருந்தேன்.

நவம்பர் 1, சனி – வார்சா

சகல புனிதர்கள் திருநாள். பொது விடுமுறை. கல்லறைத் தோட்டங்களுக்கு என்றே மாநகராட்சி சி என்ற எழுத்தைத் தாங்கிய சிறப்புப் பஸ்கள் விடுகிறது. டொராண்டோவில் பேஸ்பால் ஆட்டத்துக்கு விடுவார்கள். இறந்தவர்களைப் பார்க்க விட்டதை இங்கேதான் கண்டேன். பஸ்ஸில் எல்லோர் மடியிலும் சாமந்திப் பூந்தொட்டி. சாமந்தி இங்கே கல்லறைப் பூ. அதை யார் வீட்டுக்கும் எடுத்துப் போகக் கூடாது, எடுத்துப் போகும் மற்ற பூக்களும் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்று பாட்டி புறப்படும் முன்பே பாடம் எடுத்திருந்தார்.

எங்கள் தூத்துக்குடியில் நவம்பர் 2 கல்லறைத் திருநாள். சுண்ணாம்பு அடித்து, மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, சாமியார் வந்து தீர்த்தம் தெளிக்கும் வரை வெயிலில் காத்திருப்போம். மிசிசாகாப் பங்கில் அது ஓர் உறையாகச் சுருங்கிவிட்டது: நம் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் காணிக்கையோடு போட்டால் நவம்பர் முழுவதும் பூசையில் நினைவுகூர்வார்கள். அப்பாவின் கல்லறை தூத்துக்குடியில். நான் உறையில் பெயர் எழுதுகிறேன். தம்பி போய் மெழுகுவர்த்தி ஏற்றுகிறான்.

ப்ரூத்னோவில் பாட்டியின் விளக்கை ஏற்றினோம். வெறும் மெழுகுவர்த்தி இல்லை. மூடி போட்ட கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்த விளக்கு. மழையிலும் காற்றிலும் ஒன்றிரண்டு நாட்களுக்கு எரியும். காணொளி அழைப்பில் பாட்டி பார்த்துக்கொண்டிருந்தார். மிசிசாகாவில் அப்போது விடியவே இல்லை. அழுவார் என்று நினைத்தோம். "அந்தப் பூந்தொட்டி கோணலாக இருக்கிறது, நேராக வை" என்றார்.

பிற்பகலில் ஆற்றைத் தாண்டிப் போவோன்ஸ்கிக்குப் போனோம். 1790இல் தொடங்கிய பழைய தோட்டம். எழுத்தாளர், இசைக் கலைஞர், அரசியல்வாதி எல்லோரும் இங்கேதான். வாசலில் தொலைக்காட்சியில் வரும் நடிகர்கள் உண்டியல் டப்பாவைக் குலுக்கிக்கொண்டு நிற்கிறார்கள். சிதிலமான சமாதிகளைச் செப்பனிட ஆண்டுதோறும் இந்த வசூல். பக்கத்திலேயே 'பான்ஸ்கா ஸ்குர்கா' என்ற மிட்டாய் விற்கிறார்கள்: இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக, காகிதத்தில் சுருட்டியது. வாயில் போட்டதும் கல். கொஞ்ச நேரம் கழித்துப் பல்லோடு பசையாக ஒட்டிக்கொள்கிறது. வார்சாவின் கல்லறை வாசல்களில் இந்த நாட்களில் விற்கும் பண்டமாம். துக்கமும் திருவிழாவும் இங்கே முறைத்துக்கொள்வதில்லை.

ராணுவக் கல்லறைப் பகுதியில் 1944 எழுச்சியில் இறந்த இளைஞர்களுக்குப் பிர்ச் மரக் கட்டையில் செய்த சிலுவைகள், வரிசை வரிசையாக. பதினெட்டு, பத்தொன்பது, பதினாறு என்று வயது. நாஜிகளை எதிர்த்து 63 நாட்கள் போராடிய நகரம் இது. தோற்ற பிறகு வீடு வீடாகக் கொளுத்தினார்கள். ஆண்டுதோறும் ஆகஸ்டு 1 மாலை ஐந்து மணிக்குச் சங்கு ஊதும். காரில் போகிறவர்கள்கூட இறங்கி நிற்பார்கள். அந்தச் சிலுவைகளில் விளக்கு இல்லாத ஒன்றைத் தேடினேன். கிடைக்கவில்லை. சொந்தக்காரர்கள் இறந்துபோன பிறகும் சாரணப் பிள்ளைகளும் பள்ளிப் பிள்ளைகளும் வந்து ஏற்றுகிறார்கள்.

நவம்பர் 2, ஞாயிறு – வார்சா

ஊர் பூட்டிக் கிடக்கிறது. நேற்றுத் திருநாளுக்காக, இன்று ஞாயிறுக்காக. 2018இல் கொண்டுவந்த சட்டம், படிப்படியாக இறுகி, இப்போது ஆண்டில் சில ஞாயிறுகளைத் தவிர எல்லா ஞாயிறும் பெரிய கடைகள் மூடியிருக்க வேண்டும். பெட்ரோல் நிலையம், பூக்கடை போன்றவற்றுக்கு விலக்கு. கடை முதலாளி தானே கல்லாவில் நின்றால் அவருக்கும் விலக்கு. எங்கள் கட்டடத்துக் கீழ்க் கடையில் இன்று நின்றவர் முதலாளிதான், முகத்திலேயே தெரிந்தது. இந்தச் சட்டம் கத்தோலிக்கத் திருச்சபையின் யோசனை என்று நினைத்திருந்தேன். கோரிக்கையைக் கையெழுத்து வாங்கிக் கொண்டுபோனது சாலிடாரிட்டி தொழிற்சங்கம். கல்லாவில் நிற்கும் பெண்ணுக்கும் வீட்டில் ஒரு ஞாயிறு வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

கனடாவும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது என்றால் இப்போதைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். டொராண்டோவின் பெரிய கடை ஒன்று, ஞாயிற்றுக்கிழமை யாரும் பொருட்களைப் பார்த்துச் சபலப்பட்டுவிடக் கூடாது என்று காட்சி ஜன்னல்களுக்குத் திரை போட்டு வைத்த காலம் உண்டு. 1985இல் கால்கரி மருந்துக் கடை ஒன்றின் வழக்கில், கிறிஸ்தவரின் ஓய்வு நாளை எல்லோர் மீதும் சுமத்துவது மதச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1992இல் ஒன்டாரியோ ஞாயிற்றுக்கிழமைக் கடைகளைத் திறந்துவிட்டது. அந்தத் தீர்ப்பு சரியானது. யூதருக்குச் சனி, முஸ்லிமுக்கு வெள்ளி இருக்கும்போது ஞாயிறை மட்டும் சட்டம் காவல் காப்பது நியாயமில்லை. ஆனால் அதன் பிறகு யாருக்கும் எந்த நாளும் பொதுவாக இல்லாமல் போயிற்று என்பதும் உண்மை. என் மனைவி மருத்துவமனையில் முறை வேலை. எனக்கு வார நாட்கள். நாங்கள் இருவரும் ஒன்றாக மதியம் சாப்பிடுவது என்பது முன்கூட்டித் திட்டமிட வேண்டிய காரியம்.

இங்கே இரண்டு மணிக்கு எல்லா வீட்டிலும் ஒரே வாசனை: 'ரோசூ', கோழியும் கேரட்டும் வோக்கோசு வேரும் போட்டு மணிக்கணக்கில் சிறு தீயில் காய்ச்சிய தெளிந்த சூப், மெல்லிய நூடுல்ஸோடு. அதன் பிறகு தட்டித் துவைத்துப் பொரித்த பன்றி இறைச்சி, உருளைக்கிழங்கு, துருவிய பீட்ரூட். எழுந்திருக்கப் பார்த்தால் இன்னொரு கரண்டி விழுகிறது.

மிஞ்சிய ரொட்டி போதாது என்று, வீட்டுக்காரர் மாலையில் செயலியில் ஏதோ வரவழைத்தார். சைக்கிளில் கொண்டுவந்த பையன் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கி, "அண்ணா, தமிழா?" என்றான். திருச்சிப் பக்கம். முதுகலை படிக்கிறானாம். கனடாவுக்கு முயன்றிருக்கிறான், 2024இல் அங்கே மாணவர் விசாவுக்கு உச்சவரம்பு வைத்ததும் இந்தப் பக்கம் திரும்பிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைக்கிறதா என்று கேட்டேன்.

"ஞாயிறுதான் அண்ணா எங்களுக்கு வருமானமே. கடை மூடினால் எல்லோரும் எங்களைத்தானே கூப்பிடுவார்கள்?"

அடுத்த அழைப்பு வந்துவிட்டது, போய்விட்டான். தொழிற்சங்கத்தின் ஞாயிறு அவன் வரைக்கும் எட்டவில்லை.

பகலில் பார்த்த ஓர் இடத்தைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். போவோன்ஸ்கிக்குப் பக்கத்திலேயே, மதில் அருகே ஒகோபோவா தெருவில், யூதர் கல்லறைத் தோட்டம். 1806இல் தொடங்கியது, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள். நேற்றுச் சனிக்கிழமை, ஓய்வு நாள் என்பதால் மூடியிருந்தது. இன்று உள்ளே போனோம். நடைபாதையை விட்டு விலகினால் காடு. கற்களுக்கு நடுவே மேப்பிள் மரங்கள் வளர்ந்து கற்களைச் சாய்த்திருக்கின்றன. ஐவிக் கொடி எழுத்துகளை மூடியிருக்கிறது. சில கல்லறைகளின் மேல் மட்டும் வந்து போனவர்கள் வைத்த கூழாங்கற்கள். 1939இல் இந்த நகரத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர் யூதர். 1942 கோடையில் நாஜிகள் அவர்களை ட்ரெப்லிங்கா கொலை முகாமுக்கு ரயில் ஏற்றினார்கள். கல்லறையைக் கழுவ வர வேண்டிய பேரப்பிள்ளைகள் பிறக்கவே இல்லை. யாராவது வந்தே ஆக வேண்டும் என்ற ஏற்பாட்டைப் பெருமையாக எழுதினேன் அல்லவா. அது இந்த மதில் வரைக்கும்தான் செல்லும்.

நவம்பர் 3, திங்கள் – வார்சா

இன்று வீட்டில் தக்காளி சூப். நேற்றைய கோழிச் சாற்றில் தக்காளி விழுதையும் புளித்த கிரீமையும் கலந்தால் திங்கட்கிழமை தயார். ஞாயிறு மீன் குழம்பைத் திங்கள் காலை சுண்ட வைத்துச் சாப்பிட்ட என் மனைவிக்கு இந்த வீட்டுச் சமையலறை உடனே பிடித்துவிட்டது.

மதியம் 'பால் பார்' ஒன்றில் சாப்பிட்டோம். பெயரைப் பார்த்து மதுக்கடை என்று நினைக்க வேண்டாம். முதல் கடை 1896இல் இந்த வார்சாவில் திறந்தது. பால், முட்டை, மாவுப் பண்டம் என்று இறைச்சி இல்லாத மலிவுச் சாப்பாடு. கம்யூனிச ஆட்சியில் நாடெங்கும் பரவியது. இன்றும் அரசு மானியம் கொடுக்கிறது. கல்லாவில் பணம் கட்டிச் சீட்டை அடுப்படி ஜன்னலில் நீட்டினால், உள்ளேயிருந்து ஓர் அம்மாள் பண்டத்தின் பெயரைக் கூவுவார். தட்டைத் திருப்பி வைப்பது நம் பொறுப்பு. எங்கள் மேசையில் ஓய்வூதியர் ஒருவர், ஒரு கல்லூரி மாணவி, கட்டட வேலை உடுப்பில் ஒருவர். கனடாவில் இந்த வேலையை டிம் ஹார்ட்டன்ஸ் காப்பிக் கடைகள் செய்கின்றன. காலை எட்டு மணிக்குப் போனால் ஊர்ப் பெரியவர்கள் ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு பாராளுமன்றம் நடத்துவார்கள். ஆனால் அங்கே காப்பியும் டோனட்டும்தான். வயிறு நிறையச் சூடான சோறோ சூப்போ மலிவாகக் கிடைக்காது.

சுவரில் எழுதியிருக்கும் விலைதான் கொடுக்கும் விலை. வரி அதற்குள் அடக்கம். ஒன்டாரியோவில் பட்டியலில் உள்ள விலையோடு 13 சதவீத வரி, அதன் மேல் அட்டைக் கருவி நீட்டும் 'டிப்ஸ்' திரை, அதில் குறைந்த பட்சத் தொகையைத் தொட்டால் மனசாட்சி உறுத்தல். இங்கே அந்தத் திரையே வரவில்லை. ஒரு கணக்கும் போடாமல் சாப்பிட்டு எழுந்தது சுகமாக இருந்தது.

நவம்பர் 5, புதன் – கிராகூவ்

வார்சாவிலிருந்து கிராகூவுக்குச் சுமார் 300 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரத்தில் வந்துவிட்டோம். டொராண்டோவிலிருந்து மான்ட்ரியல் 540 கிலோமீட்டர்; ரயிலில் ஐந்து மணி நேரத்துக்கு மேல். கனடாவில் பயணிகள் ரயில் பெரும்பாலும் சரக்கு ரயில் நிறுவனங்களின் தண்டவாளத்தில்தான் ஓடுகிறது; சரக்குக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பது வழக்கம். உலகத்தின் இரண்டாவது பெரிய நாடு, ரயில் போட்டதால் ஒன்றான நாடு, இன்று அந்த ரயிலை மறந்துவிட்டது.

உணவுப் பெட்டியில் உட்கார்ந்தோம். உள்ளேயே அடுப்பு, பீங்கான் கிண்ணத்தில் 'ஜூரெக்' வந்தது, கம்பு மாவைப் புளிக்கவிட்டுச் செய்த புளிப்புச் சூப், பாதி முட்டையும் தொத்திறைச்சியும் மிதக்க. நான்கு மணிக்கெல்லாம் ஜன்னலுக்கு வெளியே இருட்டு. வார்சா, கனடாவின் சஸ்கட்டூன் இருக்கும் அட்சரேகையில் இருக்கிறது. குளிர் சஸ்கட்டூன் அளவுக்கு இல்லை; இருட்டில் மட்டும் சலுகை கிடையாது.

நவம்பர் 6, வியாழன் – கிராகூவ்

வாவெல் கோட்டையில் தொங்கும் திரைச்சீலைகளைப் பார்க்க வந்தோம். மன்னர் இரண்டாம் சிகிஸ்முந்து அகஸ்து பதினாறாம் நூற்றாண்டில் பிரஸ்ஸல்ஸில் நெய்வித்தவை. கம்பளி, பட்டு, பொன் இழை, வெள்ளி இழை. நோவாவின் பேழை கட்டும் காட்சியில் இழைப்புளி போடும் தச்சனின் முன்கை நரம்பு வரை தெரிகிறது. அருகில் போய்ப் பார்த்தால் நரம்பு என்று நினைத்தது, தோல் நிறத்துக்குள் ஓடும் சற்றே கருத்த ஒரே ஓர் இழை.

இவை கனடாவில் இருபது ஆண்டுகள் வாழ்ந்தவை. 1939 செப்டம்பரில் ஜெர்மானியர் நெருங்கியபோது, இவற்றையும் போலந்து மன்னர்களின் முடிசூட்டு வாளையும் இசையமைப்பாளர் ஷோபெனின் கையெழுத்துப் பிரதிகளையும் பெட்டிகளில் அடைத்து ருமேனியா, பிரான்ஸ், இங்கிலாந்து வழியாகக் கடத்தினார்கள். 1940 ஜூலையில் கனடா போய்ச் சேர்ந்தன. போர் முடிந்ததும் திருப்பிக் கொடுப்பதில் சிக்கல்: வார்சாவில் கம்யூனிச அரசு. கியூபெக் முதல்வர் மாரிஸ் துப்லெஸ்ஸி, கம்யூனிஸ்டுகளிடம் கொடுக்க மாட்டேன் என்று ஒரு பகுதியை மாகாண அருங்காட்சியகத்தில் வைத்துப் பூட்டிவிட்டார். ஒட்டாவாவில் இருந்தவை, வாள் உட்பட, 1959இல் திரும்பின. அதே ஆண்டு துப்லெஸ்ஸி இறந்தார். திரைச்சீலைகள் 1961இல் ஊர் வந்தன.

மிசிசாகாவில் இதைப் பற்றி ஒருவரும் பேசிக் கேட்டதில்லை. இங்கே வழிகாட்டிப் பெண் நாங்கள் கனடா என்றதும் முதலில் நன்றி சொன்னார். அடுத்த மூச்சில், "ஆனால் ரொம்பத் தாமதமாகக் கொடுத்தீர்கள்" என்றார்.

நவம்பர் 7, வெள்ளி – கிராகூவ்

மரியாள் ஆலயக் கோபுரத்திலிருந்து மணிக்கு ஒரு முறை ஊதுகொம்பு ஒலிக்கிறது, நான்கு திசைக்கும் ஒவ்வொரு முறை, இரவு பகல் எல்லா மணிக்கும். ஊதுபவர்கள் தீயணைப்புப் படையினர். ராகம் பாதியில் அறுந்துவிடுகிறது. தாத்தாரியர் படையெடுப்பில் ஊதியவர் கழுத்தில் அம்பு பாய்ந்ததால் என்று கதை சொல்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, நம்பத்தான் முடியவில்லை. நடுப்பகல் பன்னிரண்டுக்கு ஊதுவதைப் போலந்து வானொலி நாடு முழுவதும் நேரடியாக ஒலிபரப்புகிறது. இந்த வழக்கம் 1927இலிருந்து இருக்கிறது.

கனடாவிலும் இப்படி ஒன்று இருந்தது. தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் நேர அறிவிப்பு, சிபிசி வானொலியில் தினமும் ஒரு மணிக்கு, நீண்ட ஒலிக் கோடு. 1939 நவம்பரில் தொடங்கியது. 2023 அக்டோபர் 9 அன்று நிறுத்திவிட்டார்கள். செயற்கைக்கோளிலும் இணையத்திலும் ஒலி தாமதமாகப் போகிறது, துல்லியத்துக்கு உத்தரவாதம் இல்லை என்றார்கள். காரணம் சரியானதுதான். கிராகூவின் கொம்பும் இணையத்தில் தாமதமாகத்தான் போய்ச் சேரும். அதற்காக அதை நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இந்த நாட்டைப் பார்த்துப் பொறாமைப்படும்போதெல்லாம் எனக்குள் ஒரு மறுப்பும் எழுகிறது. ஒரே நாளில் கல்லறைக்குப் போகவும், ஒரே மணிக்குச் சூப் குடிக்கவும் இவர்களால் முடிவது, ஏறக்குறைய எல்லோரும் ஒரே இனம், ஒரே மதம் என்பதால். அந்த ஒருமை தானாக வந்ததில்லை. 1939க்கு முன் போலந்தில் மூன்றில் ஒருவர் யூதர், உக்ரைனியர், பெலாரூசியர், ஜெர்மானியர் என்று வேறு இனம். கொலையும் எல்லை மாற்றமும் கட்டாய இடப்பெயர்ச்சியும்தான் இவர்களை ஒரே நாட்காட்டிக்குள் கொண்டுவந்தன. கனடாவில் 2021 கணக்கெடுப்பின்படி 23 சதவீதம் பேர் வேறு நாட்டில் பிறந்தவர்கள். எங்கள் தெருவில் தீபாவளி, ஈத், ஹனுக்கா எல்லாம் உண்டு, அவரவர் வாசலில். நானே பிறப்பால் கத்தோலிக்கன் என்பதால்தான் நவம்பர் 1 இங்கே எனக்கு இடம் கிடைத்தது. அடுத்த தெரு நண்பர் வந்திருந்தால் சுற்றுலாப் பயணியாகத்தான் நின்றிருப்பார்.

நவம்பர் 8, சனி – ஓஷ்வியென்சிம்

இந்த ஊரில்தான் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலை முகாம் இருந்தது. போனோம். அதைச் சூப்போடும் ரயிலோடும் சேர்த்து எழுத மனம் வரவில்லை.

நவம்பர் 11, செவ்வாய் – போஸ்னான்

ஒவ்வொரு மாடத்திலும் கொடி. 1795இல் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் கடைசித் துண்டையும் பங்கு போட்டபின், 123 ஆண்டுகள் வரைபடத்தில் இல்லாமல் இருந்த நாடு, 1918இல் திரும்பி வந்த நாள் இது. கம்யூனிச ஆட்சி இந்தக் கொண்டாட்டத்தை ரத்து செய்திருந்தது; 1989இல் மீண்டது. போஸ்னானுக்கு இன்று இரட்டைக் குதூகலம்: புனித மார்ட்டின் தெருவுக்குப் பெயர்த் திருநாள். ரோமானியப் போர்வீரன் வேடத்தில் புனிதர் குதிரையில் வர, பின்னால் மேளமும் பொய்க்கால்காரர்களும்.

பாட்டி கேட்ட பிறை ரொட்டிக்கு வரிசையில் நின்றோம். வெள்ளைக் கசகசா, கொட்டைகள், உலர் திராட்சை அரைத்த பூரணம். மேலே சர்க்கரைப் பாகும் நொறுக்கிய கொட்டையும். ஒரு ரொட்டி மட்டுமே கால் கிலோவை நெருங்கும். எடை போட்டுத்தான் விற்கிறார்கள். 2008இலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு உண்டு. சான்றிதழ் பெற்ற கடைதானா என்று சுவரில் பார்த்து வாங்கு என்பது பாட்டியின் உத்தரவு. பார்த்தேன், மாட்டியிருந்தது.

என் சட்டையின் இடப்பக்கம் கனடாவிலிருந்து குத்திக்கொண்டு வந்த சிவப்புப் பாப்பிப் பூ. எனக்கு முன்னால் நின்ற பெரியவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இளமையில் லண்டனில் வேலை செய்தவராம், ஆங்கிலம் சரளம்.

"கனடாவில் இது இறந்த வீரர்களின் நாள்" என்றேன். "முதல் உலகப் போரில் மட்டும் 60,000க்கும் மேல். பதினோரு மணிக்கு இரண்டு நிமிடம் மௌனம்."

"எங்களுக்கு அதே போர் நாட்டைக் கொடுத்தது" என்றார். பிறகு கனடா என்றதும் அவருக்கு ஞாபகம் வந்தது ஜெனரல் மாச்செக். 1944இல் நார்மண்டியில் மாச்செக்கின் போலந்துக் கவசப் படைப்பிரிவு, முதலாம் கனடியப் படையின் கீழ்தான் போரிட்டது. பெரியவரின் பெரியப்பா அதில் டாங்கி ஓட்டியவர். போருக்குப் பிறகு கம்யூனிஸ்டுகள் பிடித்த ஊருக்குத் திரும்ப விருப்பமில்லாமல், பண்ணையில் இரண்டு ஆண்டு உழைக்கிறேன் என்று ஒப்பந்தம் போட்டுக் கனடா போன நாலாயிரத்துச் சொச்சம் போலந்து வீரர்களில் ஒருவர். ஒன்டாரியோவில் பீட்ரூட் தோண்டினார், அங்கேயே அடக்கமானார். மாச்செக்குக்கே அதைவிட நல்ல வாழ்வு கிடைக்கவில்லை: குடியுரிமையைப் பறித்துவிட்டார்கள்; எடின்பரோவில் மதுக்கூடத்தில் கோப்பை நிரப்பிப் பிழைத்தார்.

"பெரியப்பாவுக்கு விளக்கு யார் ஏற்றுகிறார்கள்?" என்று என் மனைவி கேட்டாள்.

"அங்கே புல் வெட்டிவிடுவார்களாமே" என்றார்.

வரிசை நகர்ந்தது. இன்று ஒன்டாரியோவில் எப்படிக் கொண்டாடுவார்கள் என்று கேட்டார். பள்ளியில் நிகழ்ச்சி நடக்கும், வங்கியும் மத்திய அரசு அலுவலகமும் மூடியிருக்கும், மற்ற எல்லோருக்கும் வேலை நாள்தான், நாங்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறோம் என்றோம். அவர் நம்பவில்லை. அறுபதாயிரம் பேருக்கு ஒரு நாள் விடுமுறைகூடக் கிடையாதா என்று பின்னால் நின்றவர்களிடம் போலிஷ் மொழியில் முறையிட, ஒரு பெண்மணி எங்களைப் பார்த்து 'ச்சு' கொட்டினார். பிறகு கல்லாவில் எங்கள் முறை வந்தது. பாட்டிக்கு ஒரு கிலோ. எங்களுக்கு அரைக் கிலோ. பெட்டி கட்டும் பெண், விமானத்தில் கைப்பையில் வையுங்கள், அடியில் போட்டால் நசுங்கும் என்றாள்.